தேவாலயத்தைப் படம் பிடித்தல்

நாச்சியாபுரத்தில் யான் குடியிருக்கும் தெருவின் கோடியில் ஒரு பெரிய வீடு இருந்தது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு என ஒரு தெருவில் தொடங்கி மறு தெருவில் முடியும் வீடு அது. பர்மாத் தேக்கில் கடைந்த தூண்கள், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, சுண்ணாம்போடு முட்டை வெண்கருவும் சேர்த்து இழைத்தமையால் கண்ணாடிபோல் மின்னும் சுவர் ஆகிய யாவும் அங்கே இருந்தன. பங்காளிகள் பலராய்ப் பெருகிப் பல ஊர்களில் பிரிந்து வாழ்ந்தமையின், வீட்டைப் பேணுவார் இல்லை. முடிவில் அதனை இடித்து விற்றனர். தூண்களும் கதவுகளும் காரைக்குடிப் பழம்பொருட் கடைகளுக்குச் சென்றன.

சில மாதங்களுக்குப் பின், கட்டடக் கலை பயிலும் இளைஞர் ஒருவர் என்னிடம் வந்து, “ஐயா, அந்த வீட்டின் முகப்பு எவ்வளவு உயரம் இருந்தது? தூண்களுக்கு இடையே எத்தனை அடி இருந்தது?” என்று வினவினார். யான் நினைவிலிருந்து விடை கூற முயன்றேன்; இயலவில்லை. தேடிப் பார்த்ததில், ஒரு திருமணத்தின்போது கைப்பேசியில் எடுத்த படம் ஒன்றே கிடைத்தது. தெரு குறுகலானது, ஆதலின் படம் எடுத்தவர் கைப்பேசியை மேல்நோக்கிச் சாய்த்துப் பிடித்திருந்தார். அப்படத்தில் வீடு பின்புறமாகச் சாய்ந்து விழுவது போல் தோன்றியது. நேராக நின்ற தூண்கள் மேலே செல்லச் செல்ல ஒன்றையொன்று நெருங்கின. அதைக் கொண்டு அளவு சொல்ல இயலாமல், அவ்விளைஞர் வெறுங்கையராய்த் திரும்பினார். நூறாண்டு நின்ற வீட்டிற்குச் சாய்ந்த படம் ஒன்றே எஞ்சியது என்பது எனக்கு நெடுநாள் உறுத்தலாகவே இருந்தது.

இதனை, என்னிடம் முன்பு தமிழ் பயின்று, இப்போது மதுரையில் நிழற்படத் தொழில் செய்யும் மாணவர் ஒருவரிடம் கூறினேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஐயா, கட்டடத்தைச் சாயாமல் எடுப்பதற்கென்றே ஒரு காமிரா உண்டு. வருகிற வியாழக்கிழமை அதனை எடுத்துக்கொண்டு இடைக்காட்டூர் மாதிரிக் கோயிலுக்குப் போகிறேன். தாங்களும் வருகிறீர்களா?” என்றார். “மாதிரிக் கோயிலா? எதற்கு மாதிரி, தம்பி?” என்றேன். “வாருங்கள், வழியில் சொல்கிறேன்” என்றார்.

இடைக்காட்டூர் நமது சிவகங்கை மாவட்டத்திலேயே, மானாமதுரைக்கு அண்மையில், வையையாற்றுப் பக்கத்தில் உள்ள சிற்றூர். அங்கே திருஇருதய ஆண்டவர் ஆலயம் ஒன்று உள்ளது. பெர்டினாந்து செல் என்னும் பிரெஞ்சு நாட்டுச் சேசுசபைத் துறவி அதனை 1894ஆம் ஆண்டில் எழுப்பினார். பிரெஞ்சு நாட்டில் ரைம்ஸ் என்னும் நகரில் உள்ள புகழ்பெற்ற பேராலயத்தை மனத்திற் கொண்டு இவ்வாலயம் அமைக்கப்பட்டது. மாணவர் அதனை மாதிரிக் கோயில் என்றமைக்குக் காரணம் இதுவே. ரைம்ஸ் ஆலயம் பிரெஞ்சு மன்னர்கள் முடிசூடிக்கொண்ட இடம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் கல்லால் எழுப்பத் தொடங்கியது. வையைக் கரையில் அத்தகைய கல்லுக்கும் அக்கல்லைச் செதுக்கும் அந்நாட்டுத் தச்சருக்கும் எங்கே போவது? ஆகவே, கல்லில் செதுக்க வேண்டிய உறுப்புகளை எல்லாம் பல வகை அச்சுகளில் மண்ணால் வார்த்துச் சுட்டு, செங்கல்லாலும் சுண்ணாம்பாலும் சேர்த்தனர். அங்கே கல் செய்த வேலையை இங்கே மண் செய்தது.

இக்கட்டட முறையைக் கோதிக் முறை என்பர். அதன் வளைவுகள் வில்போல் வட்டமாக முடியாமல், இரு கைகளைக் கூப்பியது போல் கூர்மையாக முடியும். முகப்பில் சிறிய கூர்முனைகள் பல வானை நோக்கி நிற்கும். உள்ளே தூண்களிலிருந்து விலா எலும்புகள் போன்ற வளைவுகள் கிளைத்து எழுந்து கூரையைத் தாங்கும். காண்பவர் கண்ணைக் கீழிருந்து மேலே இழுத்துச் செல்வதே அம்முறையின் நோக்கம். எனவே, நேர்க்கோடு சாய்ந்தால் பிற கட்டடங்களைக் காட்டிலும் கோதிக் கட்டடத்துக்கே கேடு மிகுதி. மேல்நோக்கி எழ வேண்டியது பின்நோக்கி விழுவதாகக் காட்சி தரும்.

வழியில் மாணவர் எனக்கு ரைம்ஸ் ஆலயத்தின் கதையைக் கூறினார். அதனையும் நீங்கள் அறிய வேண்டும். நிழற்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839ஆம் ஆண்டில். அதன்பின் பன்னிரண்டே ஆண்டுகளில், அதாவது 1851இல், பிரெஞ்சு அரசின் பழங்கட்டடக் குழு ஒரு முடிவு செய்தது. நாட்டின் பல பகுதிகளில் சிதைந்து வரும் ஆலயங்களையும் கோட்டைகளையும் படம் பிடித்து வைக்க ஐந்து நிழற்படக் கலைஞரை அது அனுப்பியது. பால்டுஸ், பயார், லெ கிரே, லெ செக், மெஸ்திரால் என்பவர் அவ்வைவர். அவர்களுள் ஆன்ரி லெ செக் என்பவருக்கு நாட்டின் கிழக்குப் பகுதி கிடைத்தது. அவர் பெரிய மரப்பெட்டிக் காமிராவைச் சுமந்து சென்று ரைம்ஸ் ஆலயத்தின் வாயில்களையும் சிலைகளையும் படம் எடுத்தார். அறுபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தன. 1914ஆம் ஆண்டு செப்டம்பரில் முதல் உலகப் போரின்போது செருமானியப் பீரங்கிக் குண்டுகள் அவ்வாலயத்தின்மேல் விழுந்தன. கூரை எரிந்தது, சிலைகள் பல உடைந்தன, முறுவலிக்கும் வானதூதர் எனப் பெயர் பெற்ற சிலையின் தலை கீழே விழுந்து நொறுங்கியது. துண்டுகளைச் சேர்த்து வைத்திருந்தமையாலும், முன்பே எடுத்திருந்த சுதை அச்சு ஒன்று இருந்தமையாலும் அத்தலையை மீண்டும் அமைக்க முடிந்தது. ஆலயம் பழுது நீங்கி மீளத் திறக்கப்பட்டது 1938ஆம் ஆண்டில். குண்டு விழுமுன் அவ்வாலயம் இருந்த நிலையை லெ செக்கின் படங்கள் இன்றும் காட்டுகின்றன. படம் எடுத்த நாளில் அவர் போரைக் கனவிலும் கண்டிருக்க மாட்டார்.

“அயல்நாட்டார் செய்தது சரி, நம் நாட்டில் அவ்வாறு யாரேனும் செய்தனரா?” என்று யான் கேட்டேன். செய்தனர். லின்னேயஸ் டிரைப் என்பவர் கும்பினிப் படையில் பணிபுரிந்த ஆங்கிலேயர். 1856ஆம் ஆண்டில் சென்னை அரசு அவரைத் தன் நிழற்படக் கலைஞராக அமர்த்தியது. 1857ஆம் ஆண்டின் இறுதியில் அவர் பெங்களூரிலிருந்து புறப்பட்டு, இராயக்கோட்டை, திருவரங்கம், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் ஆகிய இடங்களுக்குச் சென்று கோயில்களையும் கோட்டைகளையும் அரண்மனைகளையும் படம் எடுத்தார். அவருடைய காமிராவில் இட்ட தாள் ஒரு முழத்துக்குச் சற்றே குறைந்த நீளம் உடையது. அக்காலத்தில் கண்ணாடித் தகட்டில் ஈர மருந்து பூசி, அம்மருந்து உலருமுன் படம் எடுத்துக் கழுவும் முறை பரவி வந்தது. நம் நாட்டு வெயிலில் அது பெருந்தொல்லை. டிரைப் பெரும்பாலும் மெழுகு ஊட்டிய தாளையே கையாண்டார். அதனை முன்கூட்டியே ஆயத்தம் செய்து மாட்டுவண்டியில் எடுத்துச் செல்லலாம்.

அவர் செய்த வேலைகளுள் ஒன்றைத் தமிழ் கற்றவன் என்ற முறையில் யான் தனியாகக் குறிப்பிட வேண்டும். தஞ்சைப் பெருவுடையார் கோயில் விமானத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கல்வெட்டுகள் ஓடுகின்றன. இராசராச சோழன் அக்கோயிலுக்கு அளித்த கொடைகளை அவை கூறுகின்றன. டிரைப் 1858ஆம் ஆண்டில் காமிராவைச் சிறிது சிறிதாக நகர்த்தி 21 படங்கள் எடுத்து, அவற்றை வரிசையாக ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். அக்கல்வெட்டுகள் முறையாகப் படிக்கப்பட்டு நூல் வடிவில் அச்சேறியது அதற்கு முப்பது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பின்னரே. படம் எடுத்தவருக்கு எழுத்துப் படிக்கத் தெரியவில்லை. ஆயினும், படிக்கத் தெரிந்தவர் ஒருவர் பின்னால் வருவார் என்று கருதி, ஓர் எழுத்தும் சாயாமல் எடுத்து வைத்தார்.

அத்தகையவரின் வேலைக்கு நேர்ந்த முடிவையும் கேளுங்கள். 1859ஆம் ஆண்டில் சென்னைக்கு ஆளுநராக வந்த சார்லஸ் டிரெவெல்யன், அரசின் பணமுடையை எண்ணி, இஃது ஆடம்பரச் செலவு என்று அவ்வேலையை நிறுத்திவிட்டார். இன்று அப்படங்களின் படிகள் இலண்டன் முதலிய இடங்களில் பேணப்படுகின்றன.

இடைக்காட்டூர் வந்து சேர்ந்தோம். மாணவர் பங்குத் தந்தையிடம் முன்னரே இசைவு பெற்றிருந்தார். அதுமட்டுமன்று, சில நாட்களுக்கு முன் ஒருமுறை வந்து, எந்த வேளையில் வெயில் முகப்பின்மேல் சாய்வாக விழுகிறது என்பதையும் பார்த்துச் சென்றிருந்தார். வெயில் நேர்முகமாக அடித்தால் செதுக்கு வேலை எல்லாம் தட்டையாகிவிடும். சாய்வாக விழுந்தால் ஒவ்வொரு விளிம்பும் தன் நிழலைக் காட்டும். தேய்ந்த கல்வெட்டைப் படிப்போர் பக்கவாட்டில் விளக்குப் பிடிப்பதும் இதனாலேயே. எனவே, இக்கருத்து எனக்கு உடனே விளங்கியது.

அவர் முதலில் ஒரு முக்காலியை நிறுத்தினார். அதன்மேல் மரத்தாலான ஒரு சட்டத்தைப் பொருத்தி விரித்தார். முன்னே ஒரு பலகை, பின்னே ஒரு பலகை, இரண்டுக்கும் நடுவே ஆர்மோனியத்தின் துருத்தி போன்று மடிப்பு மடிப்பான ஒரு கறுப்பு உறை. முன்பலகையில் வில்லை, பின்பலகையில் மங்கலான கண்ணாடி. காமிரா என்பது இவ்வளவே. பழைய ஸ்டூடியோக்களில் கறுப்புத் துணி போர்த்துக்கொண்டு குடும்பப் படம் எடுத்தார்களே, அந்த இனந்தான். மின்கலமோ சக்கரமோ அதில் இல்லை. யான் சிறுவனாய் இருந்தபோது எங்கள் ஊருக்கு அத்தகைய காமிரா ஒன்று வந்தது. படம் எடுத்தால் ஆயுள் குறையும் என்று அஞ்சி என் பாட்டியார் கொல்லைப்புறத்தில் ஒளிந்துகொண்டார்.

மாணவர் துணியைப் போர்த்துக்கொண்டு பார்த்தார். பின்பு என்னையும் பார்க்கச் சொன்னார். துணிக்குள் தலையை விட்டேன். சற்று நேரம் ஒன்றும் புலனாகவில்லை. கண் இருளுக்குப் பழகியதும், அக்கண்ணாடியில் ஆலயம் தலைகீழாகத் தொங்கியது. வலம் இடமாகவும் இடம் வலமாகவும் மாறியிருந்தது. வேப்பமரம் ஒன்று வானத்துக்கு மேலே வேரூன்றிக் கீழ்நோக்கித் தழைத்திருந்தது. நம் கண்ணுக்குள்ளும் காட்சி தலைகீழாகவே விழுகிறது என்று அறிவியல் ஆசிரியர் உங்களுக்குச் சொல்லியிருப்பார். மூளை அதனை நிமிர்த்திக் காட்டுகிறது. இக்காமிராவில் அவ்வாறு நிமிர்த்துவார் இல்லை.

இனி, கட்டடம் சாயாதிருக்கும் வகையைச் சொல்கிறேன். இப்பாடத்தில் நீங்கள் ஊன்றி அறிய வேண்டியது இதுவே. மாணவர் காமிராவின்மேல் ஒரு சிறிய ரசமட்டத்தை வைத்தார். கொத்தனார் சுவரின்மேல் வைத்துப் பார்ப்பாரே, அதுபோன்றது. காமிராவின் பின்பலகை தூக்குக்குண்டு போல் நேர்ச் செங்குத்தாக நிற்கும்படி செய்தார். சுவரும் செங்குத்து, படத்தாள் இருக்கும் பலகையும் செங்குத்து. இவ்விரண்டும் இணையாக உள்ள வரையில், சுவரின் நேர்க்கோடுகள் படத்திலும் நேர்க்கோடுகளாகவே விழும். காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் அவ்விணை குலைகிறது. அப்போது கட்டடத்தின் உச்சி, அடிப்பகுதியைவிடத் தாளுக்குத் தொலைவாகிச் சிறுத்துவிடுகிறது. தூண்கள் மேலே நெருங்குவதற்கும் வீடு பின்னால் விழுவதற்கும் இதுவே காரணம்.

“அவ்வாறாயின், சாய்க்காமல் உச்சியை எவ்வாறு எடுப்பது? இப்போது பாதி ஆலயமும் பாதி மண்ணுமாகத் தெரிகிறதே!” என்றேன். அவர் மறுமொழி கூறாமல் முன்பலகையின் திருகைத் தளர்த்தி, வில்லையை மட்டும் இரண்டு விரற்கடை மேலே உயர்த்தினார். பின்பலகை அசையவில்லை. துணிக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, அது ஒரு கண்கட்டு வித்தை போலவே இருந்தது. கண்ணாடியின் கீழ்விளிம்புக்கு அப்பால் மறைந்திருந்த கூர்முனைகள் ஒன்றன்பின் ஒன்றாக உள்ளே வந்தன. மேல்புறத்தில் இருந்த மண்தரை வெளியே சென்றது. சுவர் ஒரு நூலிழையும் சாயவில்லை.

இது நிகழ்வது எவ்வாறு? வில்லை ஒளியை வட்டமாக வீசுகிறது. சிறு காமிராக்களில் அவ்வட்டம் படத்தாளை மூடும் அளவுக்கே இருக்கும். இக்காமிராவின் வில்லையோ தாளைக் காட்டிலும் மிகப் பெரிய வட்டத்தை வீசுகிறது. ஆலயத்தின் உச்சி முன்பும் அவ்வட்டத்துக்குள் இருந்தது; தாள்மேல் விழாமல் கீழே விழுந்துகொண்டிருந்தது. வில்லையை உயர்த்தியபோது வட்டம் முழுவதும் உயர்ந்து, உச்சி தாளின்மேல் வந்தது. அவ்வளவே. இக்காலத்தில் சாய்ந்த படத்தைக் கணினியில் இழுத்து நிமிர்த்துகின்றனர். இவ்வாறு வில்லையை நகர்த்தும் அமைப்புச் சில புதிய காமிராக்களிலும் உண்டு. ஆயினும், சாய்த்து எடுத்துவிட்டுப் பிறகு இழுத்து நிமிர்த்துவதைக் காட்டிலும், எடுக்கும்போதே நேராக எடுப்பது எனக்கு மேலாகத் தோன்றுகிறது. இது பிழை திருத்திய ஏட்டுக்கும் பிழையின்றி எழுதிய ஏட்டுக்கும் உள்ள வேறுபாடு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இக்காமிராவில் இடும் பிலிம் சுருள் அன்று, தனித்தனித் தாள். நாங்கள் கொண்டு சென்றது 4 அங்குல அகலமும் 5 அங்குல நீளமும் உடையது. 8 அங்குலத்துக்கு 10 அங்குலத் தாள் இடும் காமிராவும் உண்டு. சாதாரணச் சுருள் பிலிமில் ஒரு படம் பெறும் இடத்தைப்போல் ஏறத்தாழப் பதினைந்து மடங்கு இடம் இச்சிறிய தாளிலேயே உள்ளது. ஆகவே, ஓர் ஓட்டின் விரிசலும் ஒரு செங்கல்லின் விளிம்பும் அதில் தங்கிவிடுகின்றன. தாள்களை முழு இருளில்தான் கூட்டில் அடைக்க வேண்டும். எது மருந்து பூசிய பக்கம் என்று கண்ணால் பார்க்க இயலாது. அதற்காகத் தாளின் ஓரத்தில் சிறு வெட்டுகள் இட்டிருப்பர். விரலால் தடவி அறிந்துகொள்ள வேண்டும். ஒரு கூட்டில் முன்பக்கம் ஒன்று, பின்பக்கம் ஒன்று என இரண்டே தாள்கள். அன்று மாணவர் கொண்டு வந்தவை ஐந்து கூடுகள். ஆகப் பத்துப் படங்கள். ஒரு தாளின் விலையில் ஒருவர் நல்ல உணவுவிடுதியில் பகலுணவு உண்ணலாம்.

பத்தில் ஒன்று தொடக்கத்திலேயே வீணாயிற்று. கண்ணாடியில் காட்சியைக் கூர்மைப்படுத்தும்போது வில்லையின் கதவு திறந்திருக்கும். தாள் அடைத்த கூட்டைச் செருகிய பின், முதலில் அக்கதவை மூட வேண்டும். பிறகே கூட்டின் மூடுதகட்டை இழுக்க வேண்டும். மாணவர் என்னோடு பேசிக்கொண்டே கதவை மூட மறந்து தகட்டை இழுத்துவிட்டார். நொடிப்பொழுதில் தாள் முழுவதும் ஒளி பாய்ந்தது. அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். யானும் அதன்பின் வாயைத் திறக்கவில்லை.

எஞ்சிய ஒன்பதில் ஆறு படங்களை வெளியே எடுத்தார். அந்த ஆறுக்கும் மூன்று மணி நேரம் சென்றது. ஒரு மேகம் விலகுவதற்காகவே இருபது நிமிடம் காத்திருந்தோம். இடையே ஊர்ச் சிறுவர்கள் வந்து துணிக்குள் தலைகீழ் ஆலயத்தைப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தனர். அவர்களுள் ஒருவன், “தாத்தா, எங்க கோயிலைக் கவுத்துப்புட்டாரே!” என்றான். வில்லையின் துளையை மிகச் சிறிதாக்கியே மாணவர் ஒவ்வொரு படத்தையும் எடுத்தார். துளை சிறுத்தால் அருகில் உள்ள படியும் தொலைவில் உள்ள முனையும் ஒருங்கே தெளிவாக விழும். ஆனால் ஒளி குறையும். ஆதலின் கதவு கூடுதல் நேரம் திறந்திருக்க வேண்டும். ஒன்றைப் பெற ஒன்றை இழக்கும் கணக்கு இது.

நண்பகலுக்குப் பின் ஆலயத்துக்குள் சென்றோம். அங்கே ஒளி மிகக் குறைவு. வண்ணக் கண்ணாடிச் சாளரங்களின் வழியே வந்த வெளிச்சம் தூண்களில் மெல்லப் படிந்திருந்தது. மேல்நாட்டில் பிரெடரிக் எவன்ஸ் என்றொருவர் இருந்தார். இலண்டனில் புத்தகக் கடை வைத்திருந்தவர். பின்பு கடையை விட்டு ஆலயங்களைப் படம் எடுப்பதிலேயே ஈடுபட்டார். 1903ஆம் ஆண்டில் வெல்ஸ் என்னும் ஊர் ஆலயத்தில், பலநூறு ஆண்டுகளாக மக்கள் மிதித்துத் தேய்ந்த கற்படிகள் கடலலைபோல் எழுவதை அவர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஆலயத்தின் உள்ளே ஒளி எவ்வாறு நடமாடுகிறது என்பதைப் பொறுமையாகக் கண்டு அறிந்த பின்னரே படம் எடுப்பது அவர் வழக்கம். எங்களுக்கு இருந்ததோ ஒரு பிற்பகல்.

தூணின் தலைப்பு ஒன்று, வளைவின் கூடல் ஒன்று என இரண்டு தாள்கள் செலவாயின. எஞ்சியது ஒரே தாள். பீடம் வரையிலும் ஆலயத்தின் நீளம் முழுவதும் தெரியும்படி அதனை எடுக்க எண்ணிக் காமிராவை வாயிலருகே நிறுத்தினார். ஒளியளக்கும் கருவி 40 விநாடி என்று காட்டியது. மாணவர் ஒரு சிறு குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்து, “இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் வேண்டும், ஐயா” என்றார். கருவி பொய் சொல்லவில்லை. பிலிமில் உள்ள வெள்ளி உப்பு, ஒளி மிகுதியாக வரும்போது விரைந்து வேலை செய்யும். ஒளி துளித் துளியாக வரும்போது சோர்ந்துவிடும். ஆகையால், கணக்குக்கு மேலும் காலம் கொடுக்க வேண்டும். எந்தப் பிலிமுக்கு எவ்வளவு என்பதைச் செய்து பார்த்தே குறித்து வைத்திருப்பர்.

நெடுநேரம் கதவு திறந்திருப்பதில் ஒரு புதுமை உண்டு. அந்நேரத்தில் ஒருவர் குறுக்கே நடந்து சென்றால் அவர் படத்தில் விழமாட்டார். ஓரிடத்திலும் நில்லாமையால் அவருடைய சுவடு தாளில் பதிவதில்லை. பழைய படங்களில் தெருக்கள் ஆளரவமின்றிக் காணப்படுவது இதனாலேயே. கட்டடம் நிற்கும்; நடப்பவர் மறைந்துபோவர். ஆனால் ஒருவர் வந்து உட்கார்ந்து, பாதியில் எழுந்து சென்றால், அரைகுறையாக ஆவிபோல் பதிந்துவிடுவார், படம் கெடும்.

மாணவர் கதவைத் திறந்து கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினார். பத்து விநாடிகூட ஆகியிராது. பக்கவாயில் வழியாக ஒரு மூதாட்டி உள்ளே வந்தார். கையில் செபமாலை. எங்களை அவர் பார்க்கவில்லை. நேரே நடந்து, பீடத்துக்கு முன்னே, படத்தின் நட்டநடுவில் முழந்தாளிட்டார். மாணவர் என்னை நோக்கினார். கதவை மூடினால் கடைசித் தாள் போயிற்று. “அம்மா, சற்று விலகுங்கள்” என்று ஓரடி வைத்துச் சொல்லலாம். யான் அவர் முழங்கையைப் பற்றித் தலையை அசைத்தேன். அவர் அசையாமல் நின்றார். கடிகார முள் மட்டும் நகர்ந்தது. ஒரு நிமிடம் ஆயிற்று, ஒன்றரை ஆயிற்று. வெளியே எங்கோ ஒரு வண்டி ஒலி எழுப்பியது. மூதாட்டி தலையைத் திருப்பவில்லை. இரண்டு நிமிடமும் கடந்து, மாணவர் கதவை மூடியபோதும் அவர் அவ்வாறே இருந்தார். நாங்கள் காமிராவை மடித்துப் பெட்டியில் வைத்து வெளியேறும் வரையிலும் எழவில்லை.

பத்து நாட்கள் கழித்து மாணவர் நாச்சியாபுரம் வந்து, படங்களை என் மேசைமேல் பரப்பினார். முகப்புப் படத்தின்மேல் யான் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரு ஓரங்களும் மேலும் கீழும் ஒரே அகலம் காட்டின. வாயிற்கதவின் அகலத்தை அன்று நாங்கள் நாடாவால் அளந்து குறித்திருந்தோம். அதனைக் கொண்டு முகப்பின் ஒவ்வோர் உறுப்பையும் கணக்கிட முடிந்தது. கட்டடக் கலை பயிலும் இளைஞருக்கு ஒரு படி அனுப்பி வைத்தேன்.

கடைசித் தாளின் படத்தை மாணவர் இறுதியில் எடுத்து வைத்தார். நீண்ட ஆலயம், இரு மருங்கும் நேராக எழுந்த தூண்கள், மேலே கூடும் வளைவுகள், தொலைவில் பீடம். அதன்முன் மூதாட்டியின் முதுகும் முக்காடும், சேலைக் கரையின் கோடு முதலாகத் தெளிவாக விழுந்திருந்தன. செபமாலை உருட்டிய கைமட்டும் புகைபோல் மங்கியிருந்தது. “புகைப்படம் என்னும் சொல்லில் புகை எங்கே இருக்கிறது என்று வகுப்பில் கேட்பீர்களே, ஐயா!” என்று மாணவர் சிரித்தார். அப்படத்தில் ஒரு படியை மூதாட்டியிடம் கொடுப்பதற்காக அடுத்த வியாழக்கிழமை மீண்டும் இடைக்காட்டூருக்குப் புறப்பட்டோம்.